கடைசிப் பெட்டி உள்ள வந்துச்சா?

சற்று நீளமான இழை. நேரம் இருக்கிறவங்க பொறுமையா படிங்க.

இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. வீட்டில் ஓட்டும் மாடல் ரயிலுக்கு வயரிங் செய்வதைப் பற்றி எழுதப் போகிறேன். "டாக்டருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காதீங்க. கடைசியில் நம்ம விஷயத்துக்குத்தான் வருவேன்.

என் அப்பா ரயில்வேயில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

மீட்டர் கேஜ் காலத்தில் ஸ்டீம் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். பிறகு டீசல். ரிட்டயர் ஆகும்போது எலக்ட்ரிக்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா வீட்டில் இருந்ததை விட லைனில் இருந்ததுதான் அதிகம். தீபாவளி அன்று ரன்னிங் ரூமில் தூங்கியிருக்கிறார். என் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை வேறொரு ஸ்டேஷன் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அதனாலோ என்னவோ, எனக்கு ரயில் மேல் கோபமும் உண்டு, பைத்தியமும் உண்டு.

2020-ல் கோவிட் வார்டு டூட்டி. டூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போக முடியாது, தனி அறையில் இருக்க வேண்டும். அப்போது பொழுதுபோகாமல் மாடல் ரயில் வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். அடுத்த வருடம் பெங்களூரில் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாடு போன ஒருவரிடமிருந்து ஒரு பழைய செட் வாங்கினேன்.

ஹெச்ஓ ஸ்கேல். அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். டெண்டர் வைத்த கருப்பு ஸ்டீம் இன்ஜின் ஒன்று, மூன்று பெட்டிகள். கடைசிப் பெட்டிக்குள் விளக்கு எரியும், பின்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கும் உண்டு.

மாடி அறையில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் போட்டு ஒரு வட்டப் பாதை போட்டேன். அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு "சிக்னலே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் அன்றைக்கு.

போன வருடம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது.

அன்று எனக்கு நைட் டூட்டி. காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்தால் அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. இடது கையில் காபி டம்ளர் நிற்கவில்லை.

"எப்பம்மா இப்படி ஆச்சு?"

"ஆறு மணிக்கு எந்திரிச்சப்பவே கை மரத்துப் போச்சுன்னார். நான் உனக்கு போன் பண்றேன்னேன். பாப்பா நைட் டூட்டில இருக்கா, தொந்தரவு பண்ணாதேன்னுட்டார்."

நான் இருந்தது ஆஸ்பத்திரியில். என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக ஆஸ்பத்திரிக்கு வராமல் இருந்திருக்கிறார்.

ஸ்ட்ரோக்கில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழும்போது கை வரவில்லை என்றால், ஆறு மணியிலிருந்து எண்ணக் கூடாது. கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது? இரவு பத்து மணி, தூங்கப் போன நேரம். அங்கிருந்துதான் கணக்கு. அப்பா விஷயத்தில் கணக்கு தாண்டிவிட்டது.

உயிருக்கு ஆபத்து இல்லாமல் வந்துவிட்டார். பிசியோதெரபியில் கால் நன்றாகத் தேறியது. மூன்று மாதத்தில் குச்சி பிடித்து மாடி ஏறினார். இடது கை மட்டும் முழுசாக வரவில்லை. தூக்கலாம், ஆனால் பிடி நிற்காது.

இன்னொன்றும் வரவில்லை. பேச்சு.

இங்கே கொஞ்சம் கவனிங்க. அப்பாவுக்கு பலவீனம் இடது பக்கம். அப்படியென்றால் அடைப்பு மூளையின் வலது பக்கம். வலது கைப் பழக்கம் உள்ள பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மையம் மூளையின் இடது பக்கத்தில். ஆக, அவருக்குப் பேச முடியும். கேட்டால் பதில் சொல்வார். "ம்", "வேணாம்", "சரி". அதற்கு மேல் இல்லை.

நான் தினமும் பிரஷர் பார்த்தேன், சுகர் பார்த்தேன், கை பலம் எத்தனை என்று நம்பர் போட்டேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "அப்பா தேறிட்டார்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் நானே கூப்பிட்டு மாடியில் உட்கார வைத்து ரயில் கன்ட்ரோலரை வலது கையில் கொடுத்தேன். ஒரு சுற்று ஓட்டினார். நிறுத்தினார். இன்ஜினை எதிர்த் திசையில் திருப்பி வைத்து ஓட்டலாம் என்று நினைத்திருப்பார் போல. கையை நீட்டித் தூக்கினார்.

ஹெச்ஓ இன்ஜினைத் தண்டவாளத்தில் ஏற்றுவதற்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை தாங்க வேண்டும், இன்னொரு கை சக்கரத்தை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். டெண்டர் வேறு தொங்கும். இன்ஜின் சாய்ந்து பலகையில் விழுந்தது.

ஒன்றும் உடையவில்லை. ஆனால் அப்பா எழுந்து, குச்சியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

நான் பின்னாடியே போய், "ரிவர்ஸ்ல ஓட்டலாமேப்பா, பட்டன் இருக்கு" என்றேன்.

"டெண்டர் முன்னாடி வச்சு ஓட்டுறதா? கரித்தூள் பூரா மூஞ்சில வரும்" என்றார்.

மூன்று மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அன்று முடிவு பண்ணினேன். கை படாமலே இன்ஜின் தானாகத் திரும்பி வர வேண்டும். நிஜ ரயில்வேயில் அதற்கு டர்ன்டேபிள் உண்டு, முக்கோண லைன் உண்டு. பலகையில் சுலபமானது லூப். நேர்ப் பாதை ஒரு பாயிண்ட்ஸில் இரண்டாகப் பிரியும், ஒரு கிளை வட்டமாகச் சுற்றி வந்து இன்னொரு கிளையோடு சேரும். உள்ளே போன ரயில் சுற்றிவிட்டு, போன வழியிலேயே முகம் திரும்பி வெளியே வரும்.

தண்டவாளம் போட அரை மணி நேரம் ஆனது. கடைசித் துண்டைச் சொருகியதும் மொத்த சிஸ்டமும் அணைந்தது. ஷார்ட் சர்க்யூட். பலகையில் இன்ஜின்கூட இல்லை!

ஏன் என்று புரிய ஒரு புடவையை நினைச்சுக்கோங்க. இடது பக்க பார்டர் சிவப்பு, வலது பக்க பார்டர் பச்சை. புடவையை நீளமாக விரித்து, முனையை வட்டமாகச் சுற்றிக் கொண்டு வந்து அதே புடவையோடு சேருங்க. சிவப்பு பச்சையில் முட்டும்.

தண்டவாளமும் அதேதான். மாடல் ரயிலுக்கு மின்சாரம் வருவது இரண்டு தண்டவாளம் வழியாக. லூப் சுற்றி வரும்போது இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு போய்ச் சேர்கிறது. இதில் நாம் செய்த தப்பு எதுவும் இல்லை, அந்த வடிவத்திலேயே ஷார்ட் இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்ல" என்றார். உண்மைதான். நிஜ எலக்ட்ரிக் ரயிலுக்கு 25,000 வோல்ட் மேலே இருக்கும் கம்பியிலிருந்து வருகிறது, திரும்பிப் போவது கீழே தண்டவாளம் வழியாக. வண்டியை எப்படித் திருப்பினாலும் மேல் மேல்தான், கீழ் கீழ்தான். மார்க்லின் கம்பெனியின் மாடல் ரயில்களிலும் இதே வசதி உண்டு. நடுவில் ஒரு வரிசைப் புள்ளிகள் வழியாக ஒரு முனை, இரண்டு தண்டவாளமும் சேர்ந்து இன்னொரு முனை. லூப் போட்டாலும் ஷார்ட் ஆகாது. என்னிடம் இருந்தது இரண்டு தண்டவாள வகை.

இப்போ டிசிசி பற்றி இரண்டு வரி. பழைய மாடல் ரயிலில் தண்டவாளத்தில் பிளஸ் எந்தப் பக்கமோ அதை வைத்துத்தான் இன்ஜின் முன்னே போகும், பின்னே போகும். டிசிசி அப்படி இல்லை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் நேஷனல் மாடல் ரெயில்ரோடு அசோசியேஷன் 1990களில் கொண்டுவந்த பொதுத் தரநிலை அது.

இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அது ஒரு விநாடியில் பல ஆயிரம் தடவை பிளஸ், மைனஸ் என்று மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் நேரம்தான் மொழி. பாதித் துடிப்பு 58 மைக்ரோ விநாடி என்றால் அது 1. 100 மைக்ரோ விநாடி அல்லது அதற்கு மேல் என்றால் 0. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்ன சிப் இதைப் படித்து, "மூன்றாம் நம்பர் இன்ஜின், முன்னே போ" என்பது தனக்கான கட்டளையா என்று பார்த்து ஓடும்.

முக்கியமான விஷயம் இதுதான். டிகோடருக்கு எந்தத் தண்டவாளம் சிவப்பு, எது பச்சை என்பது பற்றிக் கவலையே இல்லை. ஓடும் ரயிலுக்குக் கீழே இரண்டையும் மாற்றிப் போட்டாலும் இன்ஜினுக்குத் தெரியாது. அதே வேகம், அதே திசை.

எங்க ஈசிஜிக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. வலது கை வயரையும் இடது கை வயரையும் மாற்றிப் போட்டால் முதல் லீடு அப்படியே தலைகீழாக வரும். இதயமே வலது பக்கம் இருக்கிறதோ என்று ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்துப் போவோம். பல டூட்டி டாக்டர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும்.

சரி, லூப்புக்கு வருவோம். வைத்தியம் இதுதான்.

லூப்புக்குள் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதன் இரண்டு முனையிலும், இரண்டு தண்டவாளத்தையும் வெட்ட வேண்டும். மொத்தம் நான்கு வெட்டு. அந்தப் பகுதி மின்சாரத்தில் தனித் தீவு ஆகிவிடும். அந்தத் தீவுக்கு ஆட்டோ ரிவர்சர் என்ற சின்ன போர்டு வழியாக மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

ரயில் தீவுக்குள் நுழையும்போது சக்கரம் வெட்டைத் தாண்டும். இரண்டு பக்கமும் நிறம் பொருந்தவில்லை என்றால் ஒரு கணம் ஷார்ட் ஆகும். ரிவர்சர் அதை உணர்ந்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் தீவின் சிவப்பு பச்சையை மாற்றிப் போட்டுவிடும். ரயில் நிற்காது. வெளியேறும்போது மறுபடி பொருந்தாது, மறுபடி மாற்றும்.

மெயின் சப்ளை அந்த ஷார்ட்டைப் பார்த்து அணைவதற்கு முன்னால் ரிவர்சர் முந்திக்கொள்ள வேண்டும். அதனால் ரிவர்சர் வேலை செய்யும் கரண்ட் அளவை மெயினை விடக் குறைவாக வைக்க வேண்டும். என் போர்டில் அதற்கு ஒரு சின்ன ஸ்க்ரூ இருந்தது. அதைத் திருகியே ஒரு ஞாயிறு போயிற்று.

வெட்டிய இடத்தில் சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒட்டினேன். நம்ம ஊர் மே மாத வெயிலில் தண்டவாளம் நீண்டு மறுபடி முட்டிக்கொள்ளக் கூடாது இல்லையா.

இன்ஜினை மட்டும் விட்டுப் பார்த்தேன். உள்ளே போனது. "டிக்" என்று ரிலே சத்தம். சுற்றியது. மறுபடி "டிக்". முகம் திரும்பி வெளியே வந்தது. பத்து தடவை விட்டேன், பத்தும் பாஸ்.

அப்பாவைக் கூப்பிட்டேன். மூன்று பெட்டியையும் கோத்து, கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன்.

இன்ஜின் லூப்புக்குள் போனது. வட்டத்தின் மறுபக்கம் வந்தது. "டிக்டிக்டிக்டிக்" என்று ரிலே அடித்துக்கொண்டது. மொத்தமும் அணைந்தது.

மறுபடி விட்டோம். அதே இடம், அதே அடி.

இன்ஜின் மட்டும் போனால் பாஸ், வண்டியாகப் போனால் ஃபெயில். நான் டாக்டர் புத்தியில் இன்ஜினைச் சந்தேகப்பட்டேன். சக்கரத்தைத் துடைத்தேன். போர்டைச் சந்தேகப்பட்டேன், ஸ்க்ரூவைத் திருகினேன். நிற்கிற இடம் வெளியே போகும் வெட்டு, அதனால் அந்த வெட்டையே பிரித்து மறுபடி ஒட்டினேன். ஒன்றரை மணி நேரம்.

அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு தடவை காபிக்குக் கூப்பிட்டார். நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன்.

"ஏம்மா" என்றார் அப்பா. "எல்.வி. உள்ள வந்துச்சா?"

எனக்குப் புரியவில்லை.

"கடைசி வண்டி. லாஸ்ட் வெஹிக்கிள். பின்னாடி எல்.வி. போர்டு தொங்கும்ல. அது உள்ள வந்துச்சான்னு பாத்தியா?"

ரயில்வே தெரியாதவங்களுக்காகச் சொல்கிறேன். ரயிலின் கடைசிப் பெட்டியில் எல்.வி. என்று எழுதிய பலகை இருக்கும், ராத்திரியில் சிவப்பு விளக்கு எரியும். இன்ஜின் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டால் ரயில் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. நடுவில் கப்ளிங் அறுந்து பாதி வண்டி பின்னாலேயே நின்றிருக்கலாம். கடைசிப் பெட்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் "முழு வண்டியும் வந்தது" என்று கணக்கு. அதன் பிறகுதான் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர்.

நான் தரையில் உட்கார்ந்து டேப் வைத்து அளந்தேன்.

என் வண்டி நீளம் சுமார் 120 சென்டிமீட்டர். நான் வெட்டி வைத்திருந்த தீவு 90 சென்டிமீட்டர். வயர் குறைவாக மாற்றினால் போதும் என்று சோம்பேறித்தனமாகச் சின்னதாக வெட்டியிருந்தேன்.

இப்போ கணக்கு போடுங்க. இன்ஜின் தீவை விட்டு வெளியே போகும்போது, விளக்கு எரியும் கடைசிப் பெட்டி இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அந்த விளக்குக்காக அதன் முன் சக்கரமும் பின் சக்கரமும் வயரால் இணைந்திருக்கின்றன. அதாவது நுழைவாயில் வெட்டின் மேல் ஒரு செம்புப் பாலம். முன்னால் இன்ஜின் "பச்சையாக மாறு" என்கிறது. பின்னால் கடைசிப் பெட்டி "சிவப்பாகவே இரு" என்கிறது. ரிவர்சர் பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் மாறி மாறி அடித்துக்கொண்டு சாகிறது.

கோளாறு தெரிந்த இடம் வண்டியின் முன்னால். கோளாறு இருந்த இடம் வண்டியின் பின்னால்.

மறுநாள் பழைய வெட்டுகளை வயர் வைத்து சாலிடர் பண்ணி மூடினேன். புதிதாக 200 சென்டிமீட்டர் தீவு. ஆன் பண்ணியதும் உடனே ஷார்ட், ஏனென்றால் தீவுக்குள் வந்துவிட்ட ஒரு பழைய சப்ளை வயரைக் கழற்ற மறந்துவிட்டேன். மல்டிமீட்டர் காட்டிக் கொடுத்தது.

இந்தத் தடவை கன்ட்ரோலர் அப்பா கையில். இன்ஜின் உள்ளே போனது. பெட்டி ஒன்று, இரண்டு. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வெட்டைத் தாண்டியதும் அப்பா "ரைட்" என்றார். அப்புறம்தான் வேகத்தைக் கூட்டினார். "டிக்". வண்டி முகம் திரும்பி வெளியே வந்தது. இன்ஜின் முன்னால், டெண்டர் பின்னால், கை படாமல்.

நான் அவரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, வண்டி சுற்றிக்கொண்டிருக்கும்போதே, "அன்னைக்கு உனக்கு போன் பண்ணியிருக்கணும்" என்றார். "ராத்திரியில தூக்கமே வர்றதில்லம்மா. இப்படி இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுது."

மூன்று மாதமாக அவர் பிரஷரைப் பார்த்த எனக்கு இது தெரியாது. நான் கேட்டதே இல்லை. இன்ஜின் வந்துவிட்டது என்று லைன் கிளியர் கொடுத்துவிட்டேன்.

ஸ்ட்ரோக் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மன அழுத்த நோய் வருகிறது. இது படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். அடுத்த நாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை ஆரம்பித்தார்கள். தூக்கம் வர சில வாரங்கள் ஆயின. இப்போது பேசுகிறார். சில சமயம் அதிகமாகவே பேசுகிறார். போன வாரம் "சிக்னல் எப்ப வைப்ப?" என்று கேட்டார்.

தயவுசெய்து ரயில் ஓட்டியதால் குணமானார் என்று எடுத்துக்காதீங்க. குணமாக்கியது சிகிச்சை. ரயில் வாயைத் திறக்க வைத்தது, அவ்வளவே.

இனி நம்ம விஷயம்:

1. வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சு குழறுதல், திடீர்ப் பார்வைக் குறைவு, திடீர்த் தள்ளாட்டம். இதில் ஒன்று வந்தாலும் உடனே 108. மரத்துப் போச்சு, கொஞ்சம் படுத்தா சரியாகிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

2. "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று டாக்டர் கேட்பார். அந்த நேரத்தை ஞாபகம் வைத்துச் சொல்லுங்க. நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் வைத்திருக்காதீங்க. என்ன செய்யலாம் என்பதை ஸ்கேன் பார்த்து நாங்க முடிவு பண்றோம்.

3. யாரையும் தொந்தரவு பண்ணுகிறோமோ என்று நினைக்காதீங்க. டாக்டர் மகள் இருந்தாலும், குறிப்பா டாக்டர் மகள் இருந்தால், போன் பண்ணுங்க.

4. நோயாளி தேறி வீட்டுக்கு வந்த பிறகு கை கால் பலத்தோடு தூக்கம், பசி, பேச்சு, மனசு எல்லாவற்றையும் கேளுங்க. "வாழ்ந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால் அது வயசான புலம்பல் இல்லை, அறிகுறி. அதற்கு சிகிச்சை இருக்கிறது, அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது.

இப்பல்லாம் வார்டில் டிஸ்சார்ஜ் எழுதும் முன்னால் கூடுதலாக ஒரு நிமிடம் நின்று, "ராத்திரி தூக்கம் வருதாய்யா?" என்று கேட்கிறேன். கேஸ் ஷீட்டில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது. ஓரத்தில் சின்னதாக எல்.வி. என்று எழுதி டிக் போடுகிறேன்.

போன வாரம் ஸ்டாஃப் நர்ஸ் கேட்டார், "மேடம், அது என்ன மருந்து?" என்று.